இயற்கை நூல் வாங்க எந்த விருதுப் பட்டியலை நம்பலாம்?

போன மாதம் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒருவர் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை, ஒருவர் இப்போதுதான் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர், இன்னொருவர் எங்களைப் போலவே சின்னதாக ஒரு வாசகர் வட்டம் நடத்துபவர். கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் வரும் இயற்கை, காட்டுயிர், சூழல் பாதுகாப்பு நூல்களில் நல்லதாகப் பத்து வாங்கவேண்டும், கையில் இருக்கும் பணம் கொஞ்சம், விருது வாங்கிய புத்தகமாகப் பார்த்து வாங்கலாம் என்றால் விருதுகளே ஏகப்பட்டது இருக்கிறது, எதை நம்புவது?

இதே இடத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம். வட்டம் தொடங்கிய முதல் வருடம், அட்டையில் 'விருது பெற்றது' என்ற வட்ட முத்திரை இருந்தால் போதும் என்று நான்கு புத்தகம் வாங்கினோம். அதில் இரண்டை யாருமே முடிக்கவில்லை. புத்தகம் மோசமில்லை. அந்த விருதின் நடுவர்கள் எதைத் தேடி அந்தப் புத்தகத்தைப் பிடித்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காட்டைப் பற்றி வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒருவருடைய குடும்பத் துயரத்தின் கதை கிடைத்தது. அது நல்ல கதைதான், ஆனால் அந்த மாதம் நாங்கள் கேட்டது அதை இல்லை.

அதனால் எந்த விருது பெரியது என்ற கணக்கை விட்டுவிட்டு, எது எதைப் பார்க்கிறது என்ற கணக்கில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, எழுதியவர் நேரில் பார்த்தாரா என்பது. இயற்கை எழுத்தில் இதை விடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்து பத்து ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து எழுதுவதற்கும், ஒரே குளத்தங்கரையில் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதுவதற்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தகவல் சரியா என்று பார்க்க நடுவர் குழுவுக்கு அக்கறை இருக்கிறதா. மூன்றாவது, நிலம்: நூல் பேசும் ஊர், மரம், பறவை எதுவுமே நம் வாசகருக்குத் தெரியாத நிலையில் எவ்வளவு தூரம் கூட வருவார்? நான்காவது, காலம் தாங்குமா. ஐந்தாவது பணம், அதாவது இங்கே கிடைக்கும் விலை, பேப்பர்பேக் வருவதற்கு ஆகும் காலம், மொழிபெயர்க்க நினைத்தால் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. ஆறாவதை வாசல் என்று சொல்வேன். அந்தப் போட்டிக்குள் யார் நுழைய முடியும், யாரால் முடியாது? பட்டியலில் யார் இல்லை என்பதை வாசல்தான் தீர்மானிக்கிறது, பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

## ஜான் பரோஸ் பதக்கம்

அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்த கட்டுரையாளர் ஜான் பரோஸ் 1921-ல் இறந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1926-லிருந்து அந்தச் சங்கம் பதக்கம் கொடுத்துவருகிறது. இயற்கை எழுத்துக்கென்றே உள்ள விருதுகளில் இவ்வளவு நீளமான பட்டியல் அபூர்வம். அவர்கள் கேட்பது மூன்று: அறிவியல் தகவல் சரியாக இருக்கவேண்டும், நேரடிக் களப்பணி இருக்கவேண்டும், எழுத்து நன்றாக இருக்கவேண்டும். நான் மேலே சொன்ன முதல் இரண்டு அளவுகோல்களும் இங்கே விதியாகவே இருக்கின்றன.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1903-ல் பரோஸ் ஒரு பத்திரிகையில் காட்டமாக எழுதினார். விலங்குகளுக்கு மனிதப் புத்தியை ஏற்றிக் கதை கட்டி, அதை உண்மைச் சம்பவம் என்று விற்கிறார்கள் என்று சில பிரபல எழுத்தாளர்களைப் பெயர் சொல்லியே தாக்கினார். அதில் ஒருவர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன், ஓநாய்க் கதைகளால் புகழ் பெற்றவர். சண்டை வருடக்கணக்கில் நீண்டு, கடைசியில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே இறங்கி, இப்படிப்பட்டவர்களை இயற்கைப் போலிகள் என்று திட்டும் அளவுக்குப் போனது. சீட்டன் பதிலுக்குக் கத்திக்கொண்டிருக்கவில்லை. உட்கார்ந்து வட அமெரிக்க விலங்குகளின் வாழ்க்கையைப் பல தொகுதிகளாக, ஆதாரத்தோடு எழுதினார். 1927-ல் பரோஸ் பெயரிலான அதே பதக்கம் அந்த உழைப்புக்காக அவருக்கே போனது. ஒரு விருதின் குணம் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

முதல் பதக்கம் வாங்கிய வில்லியம் பீபிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மயில், காட்டுக்கோழி எல்லாம் அடங்கிய பறவைக் குடும்பத்தைத் தேடி 1909-லிருந்து 1911 வரை ஆசியா முழுக்க அலைந்தவர் அவர். இலங்கைக் காடுகள், இந்தியா, பர்மா, மலாயா, போர்னியோ என்று போய் வந்து அதை நான்கு பெரிய தொகுதிகளாக எழுதினார்.

அப்புறம் வந்த பெயர்களைப் பாருங்கள். 1952-ல் ரேச்சல் கார்சன், பூச்சிக்கொல்லி பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலுக்குப் பத்தாண்டு முன்பே, கடலைப் பற்றி எழுதியதற்காக. விஸ்கான்சினில் மண் செத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி மரம் நட்டு, அதன் மாதங்களை எழுதிய ஆல்டோ லியோபோல்டுக்கு அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1970களின் பிற்பகுதியில் கொடுத்தார்கள். 2005-ல் ராபின் வால் கிம்மரர், பாசியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியதற்காக. 2011-ல் எலிசபெத் டோவா பெய்லி. இந்தக் கடைசி நூல் எங்கள் வட்டத்தில் அதிகம் கைமாறிய ஒன்று. நோயால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்த ஒரு பெண், படுக்கைக்குப் பக்கத்தில் செடித்தொட்டியோடு வந்து சேர்ந்த ஒரு நத்தையை மாதக்கணக்கில் கவனித்து எழுதியது. களம் என்றால் காடு மலை என்று நினைப்பவர்கள் இதை வாசிக்கவேண்டும், இங்கே களம் ஒரு முழ அகலம்தான்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. பட்டியல் பெரும்பாலும் அமெரிக்கா. ஸ்காட்லாந்துக் கவிஞர் கேத்லீன் ஜேமிக்கு 2014-ல் கொடுத்தார்கள் என்றாலும், மற்றபடி அமெரிக்க நிலம்தான் திரும்பத் திரும்ப வரும். பழைய நூல்கள் பல இப்போது அச்சில் இல்லை, பழைய புத்தகக் கடையிலோ மின்னூலாகவோ தேடவேண்டும். இன்னொன்று, முதல் சில பத்தாண்டு நூல்களில் பூர்வகுடி மக்கள் அந்த நிலத்திலேயே இல்லாததுபோல எழுதியிருப்பார்கள், பறவையைச் சுட்டுக் கையில் வைத்து அடையாளம் காண்பதும் சாதாரணமாக வரும். இளையவர்களோடு வாசிக்கும்போது அதைப் பேசாமல் தாண்டக்கூடாது, பேசுவதற்கு ஓர் அமர்வு தனியாகவே ஆகும்.

ஆனாலும் காலம் தாங்குமா என்ற அளவுகோலில் இதற்கு ஈடு இல்லை. நிலம் தெரியாததும் அவ்வளவு தடையாக இருப்பதில்லை, ஏனென்றால் இந்த நூல்கள் அந்த ஊர்ப் பறவையைக் காட்டுவதைவிடப் பார்க்கும் விதத்தைக் காட்டுகின்றன. நம்மிடம் மா. கிருஷ்ணன் செய்தது அதுதான். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார், அதில் அணிலும் ஓணானும் காக்கையும் யானைக்குச் சமமான மரியாதையோடு வரும். கிருஷ்ணனை வாசித்தவர்களுக்குப் பரோஸ் பட்டியல் அந்நியமாகவே இருக்காது.

## வெயின்ரைட் பரிசு

இங்கிலாந்தின் ஏரி மாவட்டக் குன்றுகளை ஒவ்வொன்றாக ஏறி, 214 குன்றுகளுக்குக் கையாலேயே படமும் எழுத்தும் வரைந்து ஏழு வழிகாட்டி நூல்கள் செய்தவர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். அவர் பெயரில் 2014-லிருந்து கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரே பரிசுதான், இயற்கை, வெளிப்புற வாழ்க்கை, பிரிட்டனுக்குள் பயணம் எல்லாம் சேர்த்து. 2020-ல் இரண்டாகப் பிரித்தார்கள், இயற்கை எழுத்துக்கு ஒன்று, சூழல் பாதுகாப்பு எழுத்துக்கு ஒன்று. 2022-ல் சிறுவர் நூலுக்கும் தனியாக வந்தது.

இந்தப் பிரிவினைதான் வாங்குபவர்களுக்கு முக்கியம். இரண்டும் ஒரே முத்திரையோடு வரும், உள்ளே வேறு வேறு ஆட்கள்.

இயற்கை எழுத்துப் பிரிவில் 'நான்' அதிகம். 2016-ல் வென்ற ஏமி லிப்ட்ராட் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு ஓர்க்னி தீவுகளுக்குத் திரும்பிய கதையை எழுதினார். 2020-ல் வட அயர்லாந்தைச் சேர்ந்த டாரா மெகானல்டி, ஆட்டிச நிலையோடு வளரும் பதின்ம வயதுப் பையன், தன் நாட்குறிப்பை எழுதி வென்றபோது வயது 16. 2021-ல் ஜேம்ஸ் ரீபேங்க்ஸ், ஏரி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் விவசாயி, தாத்தா காலத்திலிருந்து தன் காலம்வரை நிலம் எப்படிக் கெட்டது என்று சொல்கிறார். நல்ல நூல்கள், வேகமாக வாசிக்கலாம், புதிதாக உள்ளே வருபவரைப் பிடித்து உட்காரவைக்கும். ஆனால் உயிரினத்தைப் பற்றிய அறிவுக்காக வாங்கினால் சில இடங்களில் ஏமாற்றம் வரும். எங்கள் முதல் வருடத் தவறு இங்கேதான் நடந்தது.

2024-ல் வென்ற மைக்கேல் மலாயின் நூலை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்து வைப்பேன். வெளியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறியவர், விலாங்கு, அந்துப்பூச்சி, நன்னீர் மட்டி, சில்வண்டு என்று யாரும் கொஞ்சாத நான்கு உயிர்களைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறார். நான்கும் நம் வயற்காட்டிலும் வாய்க்காலிலும் உறவுக்காரர்கள் உள்ளவை. 2025-ல் வென்ற க்ளோயி டால்ட்டனின் நூல், கொரோனா ஊரடங்கில் கையில் கிடைத்த ஒரு முயல்குட்டியைக் கூண்டில் அடைக்காமல் வளர்த்தது பற்றியது. முயலும் குழிமுயலும் வேறு என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. நம் கருங்கழுத்து முயலும் அதேபோல வளை தோண்டாமல் புல்லில் பள்ளம் செய்து படுப்பதுதான்.

பாதுகாப்புப் பிரிவு வேறு கதை. 2021-ல் மெர்லின் ஷெல்ட்ரேக் பூஞ்சைகளைப் பற்றி எழுதியது, 2022-ல் டான் சலாடினோ அழிந்துபோகும் உணவு வகைகளைப் பற்றி எழுதியது, 2024-ல் ஹெலன் செர்ஸ்கி கடல் ஒரு பெரிய இயந்திரமாக எப்படி ஓடுகிறது என்று எழுதியது. இங்கே நிலம் என்ற தடை கிட்டத்தட்ட இல்லை. சலாடினோ மேகாலயாவின் காரோ மலையில் வளரும் ஒரு காட்டு நாரத்தையைப் பற்றியும் எழுதுகிறார். எங்கள் வட்டத்தில் அந்த அத்தியாயத்தை வாசித்த அன்று பேச்சு அப்படியே நெல் ஜெயராமன் பக்கம் திரும்பிவிட்டது, மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் எங்கள் ஊரில் கடைசியாக யார் வயலில் இருந்தது என்று பெரியவர்கள் இருவர் சொல்லச் சொல்ல, அன்றைக்கு இரவு ஒன்பதரை ஆகிவிட்டது.

மறைந்திருக்கும் செலவு விலைதான். வென்ற உடனே இங்கே கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதி ஹார்ட்கவர், ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு முறை அவசரப்பட்டு இணையக் கடை ஒன்றில் வாங்கினோம், முனை நசுங்கி, நடுவில் பதினாறு பக்கம் இல்லாமல் வந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் அந்த மாதக் கூட்டமே முடிந்துவிட்டது. ஒரு வருடம் பொறுத்தால் பேப்பர்பேக் வரும். வாசல் பற்றியும் சொல்லவேண்டும். பிரிட்டனில் பதிப்பான நூல்தான் போட்டிக்கு வரும், ஆக இந்தியாவில் மட்டும் வெளியான அருமையான நூல் ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, அது உள்ளேயே போகவில்லை.

ஒரு யோசனை: இங்கே வெற்றி நூலைவிடக் குறும்பட்டியலை, அதாவது கடைசிச் சுற்றுவரை வந்த நூல்களின் பட்டியலை நம்புங்கள். நடுவர்கள் கடைசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது மேலே வரும், ஒருவர் உயிரைக் கொடுத்து வாதாடியது குறும்பட்டியலோடு நின்றுவிடும். அந்த இரண்டாவது வகைதான் வாசகர் வட்டத்துக்குத் தீனி.

## பொதுப் பெரிய பரிசுகள்: புலிட்சர், பெய்லி கிஃபர்ட், ராயல் சொசைட்டி

இவை இயற்கைக்கென்று உள்ளவை இல்லை. ஆனால் எப்போதாவது ஓர் இயற்கை நூல் இவற்றை வெல்லும்போது அது சாதாரண நூலாக இருக்காது, வரலாறு, அரசியல், வாழ்க்கை வரலாறு எல்லாவற்றோடும் மோதி ஜெயித்து வந்திருக்கும். புலிட்சரில் 1975-ல் அன்னி டில்லார்ட், 1991-ல் எறும்புகளைப் பற்றிய மாபெரும் நூலுக்காக ஹோல்டோப்ளரும் வில்சனும், 2015-ல் உயிரினங்களின் ஆறாவது பேரழிவைப் பற்றி எழுதிய எலிசபெத் கோல்பர்ட். பிரிட்டனில் 2014-ல் ஹெலன் மெக்டொனால்ட், அப்பா இறந்த துக்கத்தில் ஒரு வேட்டைப் பருந்தைப் பழக்கியதை எழுதிய நூல், அப்போது சாமுவேல் ஜான்சன் பரிசு என்று இருந்ததை வென்றது. அதுதான் இப்போது பெய்லி கிஃபர்ட் பரிசு. 2023-ல் அதை ஜான் வேலண்ட் வாங்கினார், 2016-ல் கனடாவின் ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் நகரத்தை எரித்த காட்டுத்தீ பற்றி எழுதியதற்காக. அறிவியல் நூல்களுக்கான ராயல் சொசைட்டி பரிசை 2021-ல் ஷெல்ட்ரேக், 2023-ல் விலங்குகளின் புலன்களைப் பற்றி எழுதிய எட் யோங்.

நன்மை என்னவென்றால் இந்த நூல்கள் சீக்கிரம் பேப்பர்பேக்காக வரும், இந்திய விலையில் கிடைக்கும், மாவட்ட மைய நூலகத்தில்கூட சில சமயம் இருக்கும். தகவல் சரிபார்ப்பும் பொதுவாகப் பலமாக இருக்கும்.

குறை, இவற்றைப் பட்டியலாகப் பின்தொடர முடியாது. பத்து வருடத்தில் இரண்டோ மூன்றோதான் நம் பக்கம் வரும். மற்றொன்று பணம் எங்கிருந்து வருகிறது என்பது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெய்லி கிஃபர்ட் ஒரு முதலீட்டு நிறுவனம். நிலக்கரி, எண்ணெய் சார்ந்த நிறுவனங்களில் அதற்கு இருக்கும் முதலீடு பற்றிப் பெரிய எதிர்ப்பு எழுந்து, 2024-ல் ஹே இலக்கிய விழாவும் எடின்பரோ புத்தக விழாவும் அந்த ஆதரவிலிருந்து விலகின. அதே ஆண்டு பரிசை வென்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃப்ளானகன், அந்த முதலீட்டைக் குறைக்கும் திட்டத்தைக் காட்டும்வரை 50,000 பவுண்டு பரிசுத்தொகையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாஸ்மேனியாவின் ஆறுகளோடு வளர்ந்த மனிதர், அவருக்கு அந்தப் பணம் கை சுடத்தான் செய்யும். இதற்காக அந்தப் பட்டியல் நூல்களை வாசிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, வேலண்டின் நூல் எண்ணெயும் நெருப்பும் எப்படி ஒன்றுக்கொன்று ஊட்டம் கொடுக்கின்றன என்பதையே பேசுகிறது. வாசிக்கும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

## நான் ஷெப்பர்ட் பரிசு

ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலையைப் பற்றி நான் ஷெப்பர்ட் (Nan Shepherd) என்ற எழுத்தாளர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதிய சின்ன நூல் 1977 வரை அலமாரியில் கிடந்தது. எடின்பரோவைச் சேர்ந்த கேனன்கேட் பதிப்பகம் 2019-ல் அவர் பெயரில் தொடங்கிய பரிசு, இயற்கை எழுத்தில் இடம் கிடைக்காத குரல்களுக்கானது. முடிந்த நூலுக்குக் கொடுப்பதில்லை. எழுதப்போகும் நூலின் திட்டத்தைப் பார்த்து, 10,000 பவுண்டு முன்பணத்தோடு பதிப்பு ஒப்பந்தம் கொடுக்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. முதலில் வென்ற நீனா மிங்யா பவல்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர், அம்மா வழி மலேசியா, நூல் போர்னியோவின் நீச்சல் குளத்தில் தொடங்குகிறது. 2021-ல் வென்ற மார்ஷெல் ஃபாரல் டிரினிடாடிலிருந்து போய் இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தை எடுத்து, இந்த மண் என்னுடையதா என்று கேட்கிறார்.

பத்து நூல் வாங்க இந்தப் பட்டியல் போதாது, அவ்வளவு நூல் இன்னும் வரவில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு, குறிப்பாக வந்து சேர்ந்த ஊரின் செடி கொடிகளுக்குப் பெயர் தெரியாமல் தவித்தவர்களுக்கு, முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

கவிதை வேண்டுமென்றால் லாரல் பரிசு இருக்கிறது. பிரிட்டனின் அரசவைக் கவிஞர் சைமன் ஆர்மிட்டேஜ் அந்தப் பதவிக்குக் கிடைக்கும் மதிப்பூதியத்தை வைத்துத் தொடங்கியது, முதல் பரிசு 2020-ல் பாஸ்கல் பெட்டிக்கு. கவிதை வாசிக்கிற வட்டமாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | பரோஸ் | வெயின்ரைட் | பொதுப் பரிசுகள் | நான் ஷெப்பர்ட் |
|---|---|---|---|---|
| நேரடிக் களம் | விதியே அதுதான் | பெரும்பாலும் உண்டு, 'நான்' கூடுதல் | நூலுக்கு நூல் மாறும் | வாழ்ந்த அனுபவம் |
| நிலம் | அமெரிக்கா | இயற்கைப் பிரிவு பிரிட்டன், பாதுகாப்புப் பிரிவு உலகம் | உலகம் | பல ஊர்கள் |
| காலம் தாங்குமா | 1926 முதல் சோதித்தது | இன்னும் இளசு | பல தாங்கியிருக்கின்றன | சொல்ல இன்னும் காலம் வேண்டும் |
| செலவு | தேடும் உழைப்பு | ஹார்ட்கவர் விலை | குறைவு | குறைவு, நூலும் குறைவு |

## கேட்ட மூவருக்கும்

வாசகர் வட்டம் நடத்துபவருக்கு: பத்தில் ஐந்து பரோஸ், மூன்று வெயின்ரைட் பாதுகாப்புப் பிரிவின் குறும்பட்டியல், ஒன்று பொதுப் பரிசு, ஒன்று நான் ஷெப்பர்ட். உங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் இப்போதுதான் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால் இதை மாற்றி, வெயின்ரைட் இயற்கைப் பிரிவில் இரண்டை முதலில் வையுங்கள், ஒரு மனிதரின் கதை இருந்தால் மொழி தடுமாறும்போதும் வாசகர் விடாமல் வருவார்.

மொழிபெயர்க்கும் தம்பிக்கு: உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரோஸ். காரணம் உரிமை. வெயின்ரைட்டில் வென்ற ஒரு புது நூலைத் தமிழில் கொண்டுவர முகவருக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, முன்பணம் கட்டி, ஒப்பந்தம் போட்டு முடிக்கச் சின்னப் பதிப்பாளரால் பல சமயம் முடிவதில்லை. இந்தியச் சட்டப்படி ஒருவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் நூல் பொதுவுடைமை, அதாவது யாரும் உரிமை கேட்காமல் பயன்படுத்தலாம். சீட்டன் 1946-ல் இறந்தவர், லியோபோல்ட் 1948-ல் (பக்கத்து நிலத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில், நூலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி வந்த ஒரு வாரத்தில்), பீபி 1962-ல். ரேச்சல் கார்சன் 1964-ல் இறந்தார், ஆகவே 2025 ஜனவரி முதல் அவர் எழுதி வாழ்நாளில் வெளியிட்டவை இந்தியாவில் எல்லோருக்கும் பொது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இது இந்தியாவுக்குத்தான். இலங்கையிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு கணக்கு, அமெரிக்காவில் வேறு கணக்கு, அங்கெல்லாம் கார்சன் நூல்களுக்கு இன்னும் உரிமை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கோ லண்டனுக்கோ பிரதி அனுப்ப நினைத்தால், மின்னூலாக உலகம் முழுக்க விற்க நினைத்தால், முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நூலில் உள்ள படங்களும் முன்னுரைகளும் வேறு ஆட்களுடையவை, அவற்றுக்குத் தனிக் கணக்கு.

தமிழிலேயே இயற்கை எழுத்துக்கு என்று இப்படி ஒரு பட்டியல் இருந்தால் நானும் அதிலிருந்து தொடங்கச் சொல்வேன். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2013-ம் ஆண்டுக்கான இயல் விருதை இயற்கை எழுத்தாளர் தியடோர் பாஸ்கரனுக்குக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனால் அது வாழ்நாள் பணிக்கானது, வருடத்துக்கு ஒரு நூலைக் காட்டித்தரும் வகை இல்லை. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பரோஸ் நூல் ஒன்று வாசிக்கும் மாதத்தில், பக்கத்தில் பாஸ்கரன் தொகுத்த கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளில் ஒன்றையும் வையுங்கள். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தலைப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் வாசித்தால் பேச்சு தானாக நம் ஊர்க் குளத்துக்கு வந்துவிடும்.

ஆசிரியை அம்மாவுக்கு: பள்ளிக்கு மட்டும் பட்டியலே வேண்டாம். வெயின்ரைட் சிறுவர் பிரிவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நரியும் அணிலும் மரமும் எல்லாமே அந்த ஊருடையவை, எட்டாம் வகுப்புப் பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தேடினால் கிடைக்காது. டாரா மெகானல்டியின் நாட்குறிப்பு ஒன்றை மட்டும் வாங்குங்கள், பதினான்கு வயதுப் பையன் தினமும் பார்த்ததை எழுதினான் என்று தெரிந்தாலே நான்கு பிள்ளைகள் நோட்டு எடுப்பார்கள். கூடவே நத்தைப் புத்தகம். அதற்குப் பணம் செலவழிக்கவேண்டாம், எங்கள் வட்டத்துப் பிரதியை இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். ஓரங்களில் ஆறேழு பேருடைய பென்சில் குறிப்புகள் இருக்கும், எங்கள் ஊரில் மழைக்கு அடுத்த நாள் எந்தச் சுவரில் நத்தை ஏறும் என்பதுவரை. அழிக்கவேண்டாம், பிள்ளைகளும் அதிலேயே எழுதட்டும்.